உப்பைக் குறைக்கவா, கூட்டவா? வயலில் உழைப்பவர்களுக்கான சோடியம் கணக்கு

சித்திரை வெயில் ஏறத் தொடங்கினாலே, பயிர், கால்நடைக் கேள்விகளோடு உடல்நலம் பற்றிய கேள்விகளும் நமக்கு வரத் தொடங்கிவிடும். அவற்றில் உப்பைப் பற்றிய கேள்விகள் எப்போதும் இரண்டு வகை. 'ரத்த அழுத்தம் இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். ஆனால், வெயிலில் களை எடுத்துவிட்டு வந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. உப்புப் போட்ட மோர் குடிக்கலாமா?' என்பது ஒரு வகை. 'அம்மாவுக்கு சோடியம் குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டில் உப்பைக் கூட்டிக் கொடுக்கலாமா?' என்பது இன்னொரு வகை.

ஒருவருக்குக் குறைக்கச் சொல்கிறார்கள்; இன்னொருவருக்குக் குறைந்துவிட்டது என்கிறார்கள். இரண்டும் ஒரே உப்பைப் பற்றியதுதானா? ஆமாம். குழப்பம் தீர, சோடியம் உடம்புக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு, எவ்வளவு, எப்போது, யாருக்கு என்ற கணக்கை நம் வீட்டு உப்பு டப்பாவை வைத்தே போட்டுவிடலாம்.

மண்ணுக்குப் பகை, உடம்புக்கு உறவு

சோடியம் என்ற பெயர் விவசாயிகளுக்குப் புதிதில்லை. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 8.5-க்கு மேலும், மாற்றத்தக்க சோடியம் 15 சதவிகிதத்துக்கு மேலும் இருந்தால் அது களர் நிலம். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி, வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அந்தச் சோடியத்தை வெளியேற்றப் படாத பாடு படுகிறோம். நாம் சாகுபடி செய்யும் பயிர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சோடியம் தேவையே இல்லை. அவற்றுக்கு வேண்டியது பொட்டாசியம், அதாவது பொட்டாஷ்.

விலங்குகளின் கதை வேறு. சோடியம் இல்லாமல் மாடும் வாழாது, மனிதனும் வாழ முடியாது. புல்லிலும் வைக்கோலிலும் சோடியம் குறைவு என்பதால்தான் மாடு உப்புக்கட்டியை நக்குகிறது. ஆடு வியர்வை பட்ட துண்டைச் சப்புகிறது. அடர்தீவனம் கலக்கும்போது 100 கிலோவுக்கு 1 கிலோ உப்புச் சேர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

மனிதர்களுக்குச் சோடியம் பெரும்பாலும் சமையல் உப்பின் வழியாகவே கிடைக்கிறது. உப்பு என்பது சோடியம் குளோரைடு. அதன் எடையில் 40 சதவிகிதம் சோடியம், மீதி குளோரைடு. 5 கிராம் உப்பில் 2 கிராம் சோடியம் இருக்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பாக்கெட்டில் 'சோடியம்' என்று போட்டிருந்தால், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும்.

உடம்புக்குள் மூன்று வேலை

அறுபது, எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் மொத்தமே 100 கிராமுக்குக் குறைவான சோடியம்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதி எலும்பில் தங்கியிருக்கும். மீதியில் பெரும்பகுதி செல்களுக்கு வெளியே, ரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் கரைந்திருக்கும். செல்லுக்குள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்பாட்டை வைத்துத்தான் சோடியம் முக்கியமான மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, தண்ணீரைப் பிடித்து வைப்பது. சோடியம் எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் போகும். ரத்தத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உடம்பில் உள்ள சோடியத்தின் அளவுதான். அது கூடினால் தண்ணீரும் கூடித் தங்கும். ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். அது மிகவும் குறைந்தால் ரத்தத்தின் அளவு சுருங்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும்.

இரண்டாவது வேலை, நரம்புக்கும் தசைக்கும் சேதி சொல்வது. மண்வெட்டியைப் பிடிக்க விரல் மடங்க வேண்டும் என்றால், மூளையிலிருந்து கை வரை ஒரு மின்துடிப்பு ஓட வேண்டும். நரம்புச் செல்லின் சுவரில் உள்ள நுண்ணிய கதவுகள் திறந்து, வெளியே காத்திருக்கும் சோடியம் உள்ளே பாய்வதுதான் அந்தத் துடிப்பு. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் இது முடிந்துவிடும். உள்ளே வந்த சோடியத்தை மறுபடியும் வெளியே தள்ள ஒவ்வொரு செல்லிலும் ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே அனுப்பி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் இது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கவ் 1957-ல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்காவது இந்தப் பம்புகளை ஓட்டவே போகிறது.

மூன்றாவது வேலை, குடலில். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸ், குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகச் சோடியம் துணை வேண்டும். இரண்டும் ஜோடியாகவே நுழையும். அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுப்பதன் ரகசியம் இதுதான்.

மடை பார்க்கும் சிறுநீரகம்

ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்து மூடி, கடைமடை வரை தண்ணீர் போகிறதா என்று பார்க்க ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பார். உடம்பில் அந்த வேலையைச் செய்வது சிறுநீரகம். ஒரு நாளில் அது வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அந்த நீரோடு போகும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ! அதில் 99 சதவிகிதத்துக்கும் மேல் திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கொள்கிறது. நாம் கூடுதலாகச் சாப்பிட்ட சில கிராம்களை மட்டும் சிறுநீரில் விடுகிறது.

உப்புக் குறைவாகச் சாப்பிட்டால், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, 'ஆல்டோஸ்டிரோன்' என்ற ஹார்மோனைச் சுரந்து, 'சோடியத்தை விடாதே' என்று கட்டளையிடும். வெயிலுக்குப் பழகிய உடம்பில் வியர்வைச் சுரப்பிகளும் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படும். அதனால்தான் ஆரோக்கியமான ஒருவர் உப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் கூட்டினாலும், ரத்தத்தில் சோடியத்தின் செறிவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற அளவிலேயே நிற்கிறது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் வரும் இந்த எண், உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைச் சொல்கிறது. ஒரு சொம்பு மோரில் உப்புச் சுவை குறைந்திருந்தால், உப்புப் போட மறந்திருக்கலாம். தண்ணீரை அதிகமாக ஊற்றியும் இருக்கலாம். ரத்தத்திலும் அப்படித்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டில் செய்யும் வைத்தியம்தான் பல நேரம் ஆபத்தில் முடிகிறது.

வெயில் வேலை: எவ்வளவு போகிறது?

நல்ல வெயிலில் கடினமாக உழைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராம் முதல் 2 கிராம் வரை சோடியம் போகலாம். ஆளுக்கு ஆள் இது மாறும். சட்டை காய்ந்த பிறகு முதுகில் வெள்ளைத் திட்டு படிகிறவர்களுக்கு இழப்பு அதிகம்.

வெயிலுக்குப் பழகியவருக்கு வியர்வை நிறைய வரும். அதில் உப்புக் குறைவாக இருக்கும். பழகாதவருக்கு உப்புச் செறிந்த வியர்வை வரும். உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே, பல மாதங்கள் நிழலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், காய்ச்சலில் படுத்து எழுந்தவர், நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஆகியோரை முதல் நாளே உச்சி வெயிலில் இறக்காதீர்கள். வெயில் வேலையில் நேரும் விபரீதங்களில் பெரும்பாலானவை முதல் சில நாள்களில்தான் நடக்கின்றன.

சரி, போன உப்பை எப்படி ஈடுகட்டுவது? மூன்று வேளை உப்புப் போட்ட சாப்பாடு சாப்பிடுகிறவர் இரண்டு மணி நேரம் வேலை செய்ய, சாதாரணத் தண்ணீரே போதும். அடுத்த வேளைச் சாப்பாடு உப்பை ஈடுகட்டிவிடும். ஆனால், காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு, மதியம் வரை வியர்வை சொட்டச் சொட்ட வேலை செய்து, வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் சிக்கல். வியர்வையில் உப்பும் நீரும் போகின்றன. நாம் நீரை மட்டும் நிரப்புகிறோம். கெண்டைக்கால், தொடை, வயிற்றுத் தசைகள் இழுத்துப் பிடிக்கும், தலை வலிக்கும், குமட்டும்.

நம் முன்னோர் வயலுக்கு எடுத்துப்போன தூக்குச்சட்டியில் இதற்கு விடை இருந்தது. நீராகாரம், கம்மங்கூழ், நீர்மோர், பழைய சோறு எல்லாவற்றிலும் நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. அரை லிட்டர் நீர்மோருக்குக் கால் தேக்கரண்டி உப்புப் போட்டால், அதில் சுமார் 1.25 கிராம் உப்பு, அதாவது அரை கிராம் சோடியம் இருக்கும். காலை 11 மணிக்கு ஒரு சொம்பு, பிற்பகலில் ஒரு சொம்பு, நடுவில் சாப்பாடு. வியர்வை சிந்தி உழைக்கும் நாளுக்கு இது நல்ல ஏற்பாடு. தாகம் எடுக்கக் காத்திருக்காமல், 15, 20 நிமிடங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். உப்பு மாத்திரை தேவையில்லை; அது வயிற்றைப் புரட்டும்.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் ஏராளம்; சோடியம் அதைவிட மிகக் குறைவு. நல்ல பானம்தான். ஆனால், வியர்வையில் போன உப்பை அது ஒன்றே ஈடுகட்டிவிடாது.

எச்சரிக்கை: வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ, தடுமாறி விழுந்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. மோர் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய் வழியே எதையும் கொடுக்கக் கூடாது.

பேதிக்குக் கைகொடுக்கும் கரைசல்

வியர்வையைவிட வேகமாகச் சோடியத்தைப் பறிப்பது பேதி. 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையைத் தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்கான் பகுதி முகாம்களில் குவிந்தார்கள். காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோனது. கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் திலீப் மஹலானபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலங்களாகக் கட்டச் சொல்லி, தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த சாவு விகிதம் 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகக் குடலுக்குள் நுழைந்து, தண்ணீரையும் இழுத்துப் போகும் என்ற அறிவியல்தான் அத்தனை உயிர்களைக் காப்பாற்றியது. அவர் 2022-ல் காலமானார்; மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாகக் கிடைக்கிறது. முழுப் பொட்டலத்தையும் அதில் குறிப்பிட்டுள்ள அளவு சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலம், கால் பொட்டலம் என்று பிரித்துக் கண் அளவில் கரைத்தால் விகிதம் கெட்டுவிடும். பொட்டலம் கிடைக்காத அவசரத்துக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதைவிடக் கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது.

மற்ற நாள்களில் நாம் சாப்பிடுவது அதிகம்

வெயில் வேலைக்கு உப்பு வேண்டும் என்று படித்ததும், ஆண்டு முழுவதும் உப்பைக் கூட்டிக்கொள்ள அனுமதி கிடைத்ததாக எண்ணிவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது ஒரு தேக்கரண்டி. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளில் நாம் 8 முதல் 11 கிராம் வரை சாப்பிடுவது தெரியவந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வீட்டில் 4 பேர் என்றால், ஆளுக்கு 5 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள்கள் வர வேண்டும். 25 நாள்களில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது என்று அர்த்தம். கருவாடு கழுவவும், ஊறுகாய் போடவும் எடுத்த உப்பைக் கழித்துவிடுங்கள். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட் ஆகியவற்றில் வரும் உப்பு இந்தக் கணக்குக்கு வெளியே தனி. ஊறுகாய் கெடாமல் இருக்க, அதன் எடையில் பொதுவாக 10 சதவிகிதத்துக்கு மேல் உப்பு இருக்கும். 15 கிராம் ஊறுகாய் தொட்டுக்கொண்டால் ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போய்விடும். அப்பளக்காரம், சமையல் சோடா, அஜினோமோட்டோ ஆகியவற்றிலும் சோடியம் உண்டு.

இப்படிப் பல ஆண்டுகள் கூடுதலாகப் போகும் உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். உயர் ரத்த அழுத்தம் வலிக்காது, காய்ச்சல் வராது. ஒருநாள் பக்கவாதமாகவோ, மாரடைப்பாகவோ, சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படும். சம்பாதிக்கும் ஆள் படுக்கையில் விழுந்தால் நிலத்தை அடமானம் வைக்கும் நிலை வரும் என்பதை நம் ஊர்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சீனாவின் வட பகுதியில் 600 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டி ரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்று சுமார் 21,000 பேர் அதில் பங்கேற்றார்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிக் கிராமங்களில் 75 சதவிகிதம் சோடியம் குளோரைடு, 25 சதவிகிதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஏறக்குறைய 5 ஆண்டுகளில், கலப்பு உப்புச் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்தது. முக்கியமாக மாற்றியது உப்பு டப்பாவைத்தான். இந்த வகை உப்பு நம் ஊரிலும் 'லோ சோடியம்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஆனால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவர்கள் உடம்பில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கிணற்று நீரிலும் உப்பு

கடலோர மாவட்டங்களிலும், ஆழ்துளைக் கிணறு உவராகிப்போன ஊர்களிலும், குடிக்கும் தண்ணீரே ஓர் உப்பு மூட்டைதான். பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கை உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சோடியம் பெரும்பாலும் 'மில்லி ஈக்விவலன்ட்' கணக்கில் இருக்கும். அதை 23-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது வந்துவிடும். 10 என்று இருந்தால் 230 மில்லிகிராம். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீரை 4 லிட்டர் குடிப்பவருக்கு 920 மில்லிகிராம் சோடியம். உப்பாகச் சொன்னால் 2.3 கிராம். ஒரு நாள் அளவில் கிட்டத்தட்டப் பாதி, தண்ணீரிலேயே போய்விடுகிறது!

வங்கதேசத்தின் தென்கடலோரத்தில் டாகோப் என்ற பகுதியில் நடந்த ஆய்வுகள், உப்பு மிகுந்த தண்ணீர் குடித்த கர்ப்பிணிகளிடம் கர்ப்பகால ரத்த அழுத்தம் அதிகமாக இருந்ததைக் காட்டின. உவர் நீர்ப் பகுதியில் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது மழைநீரையோ, நல்ல தண்ணீரையோ தனியாக வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு மழைநீர்த் தொட்டி கட்ட இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கேள்விகள்… பதில்கள்

'இந்துப்பில் சோடியம் இல்லை என்கிறார்களே, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைச் சாப்பிடலாமா?'

இந்துப்பு, கல் உப்பு, தூள் உப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இந்துப்பில் இருக்கும் மற்ற தாதுக்கள் மிகச் சொற்பம். ரத்த அழுத்தத்துக்கு அதனால் பெரிய நன்மை இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அயோடின் சேர்க்காத உப்பையே வீடு முழுவதும் பயன்படுத்தினால், தைராய்டு கோளாறும், கர்ப்பத்தில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைபாடும் வரலாம். எந்த உப்பானாலும் 'அயோடின் சேர்த்தது' என்று பார்த்து வாங்குங்கள், அளவைக் குறையுங்கள்.

'75 வயது அப்பாவுக்கு சோடியம் 124 என்று வந்தது. இனி உப்பை அதிகம் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடுமா?'

டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். முதியவர்களுக்குச் சோடியம் குறையப் பல காரணங்கள் உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரை ஒரு முக்கியக் காரணம். வாந்தி, பேதி இன்னொரு காரணம். இதயம் பலவீனமாகி, கல்லீரல் கெட்டு, அல்லது சில ஹார்மோன் மாற்றங்களால் உடம்பில் தண்ணீர் தேங்கியும் எண் குறையும். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் வைத்தியம். உப்பைக் கூட்டினால் கால் வீங்கும், மூச்சுத் திணறும். மருத்துவமனையிலும் சோடியத்தை ஒரே நாளில் மளமளவென்று ஏற்ற மாட்டார்கள். பொதுவாக 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைதான் ஏறவிடுவார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படும். முதியவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால், அதிகம் தூங்கினால், தள்ளாடினால், 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் சோடியத்தைப் பரிசோதியுங்கள்.

'ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கோடையில் நடவு, களை வேலைக்குப் போகிறேன். மோரில் உப்புப் போடலாமா?'

கோடை தொடங்கும் முன் ஒரு முறை டாக்டரைப் பார்த்து, 'நான் வெயிலில் இத்தனை மணி நேரம் வேலை செய்கிறேன்' என்று சொல்லுங்கள். பல டாக்டர்களுக்கு நோயாளியின் வேலை என்னவென்றே தெரியாது, நாமும் சொல்வதில்லை. நீர் மாத்திரை இருந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பொதுவாக, நன்றாக வியர்த்த நாளில் ஒரு சொம்பு மோரில் ஒரு சிட்டிகை உப்பினால் கெடுதல் வராது. ஊறுகாயையும் கருவாட்டையும் நிறுத்தி, அந்த உப்பை மோருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

'உப்பை அடியோடு விட்டுவிட்டால் என்ன?'

பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடியினர் சமையலில் உப்பே சேர்ப்பதில்லை. 1988-ல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்றில், அவர்களுக்கு வயது ஏற ஏற ரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று தெரிந்தது. உடம்புக்கு உயிர்வாழத் தேவையான உப்பு மிகக் கொஞ்சம்தான் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆனால், வெயிலில் உழைத்து, மாத்திரையும் சாப்பிடும் ஒருவர் திடீரென்று உப்பை நிறுத்துவது ஆபத்து. படிப்படியாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, புளி, மல்லி, சீரகம், பூண்டு கைகொடுக்கும். தோசை மாவு, குழம்பு என எல்லாவற்றிலும் போட்ட பிறகு, சாதத்திலும் உப்பு எதற்கு?

'ஆறு மாதக் குழந்தைக்குக் கொடுக்கும் பருப்புச் சாதத்தில் உப்புப் போடலாமா?'

ஒரு வயது வரை உப்புச் சேர்க்கத் தேவையில்லை. தாய்ப்பாலிலும் உணவிலும் இயல்பாக உள்ள சோடியமே போதும். கூடுதல் உப்பை வெளியேற்றும் அளவுக்குக் குழந்தையின் சிறுநீரகம் பக்குவப்பட்டிருக்காது. நமக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குச் சப்பென்று இருக்காது. உப்பின் ருசியை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

மறக்கக் கூடாத ஐந்து

* வீட்டில் உள்ளவர் எண்ணிக்கையை 5-ஆல் பெருக்குங்கள். ஒரு நாளைய உப்பின் உச்ச அளவு அத்தனை கிராம்தான்.
* வியர்வை சொட்டும் நாளில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நீர்மோர், கூழ், நீராகாரம் சேர்க்க வேண்டும்.
* பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக, சரியான அளவு நீரில் கரைக்க வேண்டும்.
* சோடியம் குறைந்தது என்றால் காரணம் உப்பா, தண்ணீரா, மாத்திரையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* 30 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லை. மண்ணைப் பரிசோதிக்கக் கொடுக்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.